மாரோலோப் வீட்டுத் தண்ணீர்

மாரோலோப் தன் மனைவியை மீன் என்று சொன்ன மத்தியானம், அவன் வீட்டுக்குள் மட்டும் ஏரி வந்தது. பக்கத்து வாசலில் காயப்போட்டிருந்த வெங்காயம்கூட நனையவில்லை. சமோசிர் தீவில் இதற்கு யாரும் வாய் பிளக்கவில்லை. தீவைச் சுற்றிக் கிடக்கும் தோபா ஏரியே அப்படிப் பிறந்ததுதான். பிடிபட்ட மீன் ஒன்று பெண்ணாகி ஓர் உழவனுக்கு வாழ்க்கைப்பட்டது. பிறப்பைச் சொல்லிக்காட்டுவதில்லை என்று சத்தியம் செய்தவன், ஒருநாள் கோபத்தில் பெற்ற பிள்ளையையே மீன் குஞ்சு என்று திட்டினான். பள்ளத்தாக்கு முழுவதும் மூழ்கிப்போனது.

மாரோலோபுக்குக் கோபம்கூட இல்லை. கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது கூட்டாளி தோகார் சீண்டினான்.

"என்ன மச்சான், உன் பொண்டாட்டி குளிக்க இறங்குனா கரையேறவே மாட்டேங்குதாமே?"

"அது மீனுடா. செதில் ஊற வேணாமா?"

சிரிப்புக்காகச் சொன்னதுதான். ஆனால் தியூர் எந்தக் குலத்தில் பிறந்தவள் என்று ஒருநாளும் பேசுவதில்லை என வாக்குக் கொடுத்துத்தான் அவளைக் கட்டியிருந்தான். கடை சிரித்து ஓய்வதற்குள் மகள் லம்ரியா மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"அப்பா, அடுப்படியில தண்ணி ஊறுது. அம்மாவால வெளிய வர முடியல."

அவன் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வாசற்படி விளிம்புவரை ததும்பி நின்றது. கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வாசலைத் தாண்டவில்லை. வயல் மோட்டாரைக் கொண்டுவந்து இறைத்தான். இறைத்த அளவு ஊறியது. போதகர் ஜெபம் செய்தார். அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மீனவர்கள் கல் கட்டிக் கயிறு விட்டார்கள். கயிறு தீர்ந்தது, தரை தட்டவில்லை. நடுவீட்டில் தியூர் தலை மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தாள்.

"வாய் தவறிடுச்சு தியூர். போகச் சொல்லேன் இதை."

"பேசுனது உங்க வாய், லம்ரியா அப்பா. தண்ணி என் பேச்சைக் கேக்காது. எனக்கு மட்டும் பயமா இல்லையா?"

வாசலில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். அவளும் நீட்டினாள். விரல் நுனிகள் தொட்டன, ஈரத்தில் வழுக்கின. அன்றிரவு அவளுக்கு நீருக்குள் மூச்சு வந்துவிட்டது. அதன்பின் அவள் கைநீட்டவில்லை.

அவன் வெங்காயக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். லம்ரியா பள்ளிக்கூடம் விட்டதும் ஜன்னலில் முதுகு காட்டி உட்காருவாள்; உள்ளிருந்து இரண்டு கைகள் எழுந்து தலை பின்னிவிடும். மாரோலோபின் காலடிச் சத்தம் கேட்டால் கைகள் உள்ளே போய்விடும். அதனால் அந்த நேரத்தில் அவன் வயலைவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டான். ஊர்க்காரர்கள் அந்த வீட்டைக் கடக்கையில் குரலைத் தாழ்த்தப் பழகினார்கள். தோகார் கள்ளை விட்டான், பிறகு மறுபடி குடித்தான்.

லம்ரியாவின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாயிடம் ஆசி வாங்க வேண்டுமென்றார்கள். சின்னப் படகொன்றை வாசல் வழியாக உள்ளே இறக்கினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "ரொம்ப ஆழமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினார். ஒவ்வொருவர் தலையிலும் ஈரக்கை அரிசி வைத்தது. லம்ரியாவின் தலையில் மட்டும் நெடுநேரம் இருந்தது.

கடைசியாக மாரோலோப் துடுப்பு போட்டுப் போனான். நடுவீட்டில் படகை நிறுத்தித் தலை குனிந்து காத்திருந்தான். தண்ணீர் அசையவே இல்லை. வெளியே மேளம் தொடங்கியது. திரும்பி வந்து, படகைக் கதவு நிலையில் கட்டிவிட்டு, விருந்தாளிகளுக்குப் பன்றிக்கறி போதுமா என்று பார்க்கப் போனான்.