பட்டாம்பூச்சிச் சரிவு

ஸ்டெஃபா கல்சரிவில் முட்டிபோட்டுக் குட்டைப் பைன் புதர்களை அறுத்துக்கொண்டிருந்தாள். புதர் போனால் வெயில் விழும், வெயில் விழுந்தால் பட்டாம்பூச்சிப் புழுவுக்குத் தீனியாகும் செடி முளைக்கும், சிவப்புப் பொட்டு வைத்த அந்த வெள்ளைப் பட்டாம்பூச்சி தாத்ரா மலைக்குத் திரும்பும் என்பது திட்டம். கீழே அவளுடைய கொழுந்தன் யெண்ட்ரெக் கிளைகளை இழுத்துப் போட்டான். ஊரில் அவனுக்கு நல்ல பெயர் கிடையாது. எந்தக் கல்யாணத்திலும் குடித்துவிட்டுக் கடைசியாக எழுந்து போகிறவன். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது.

மேலே ஆள் அறுக்கும்போது, வெட்டிய கிளைகளைக் கீழே வேலிபோல அடுக்கிவிடுவார்கள். உருளும் கல் அதில் சிக்கிக்கொள்ளும். வேலையை நடத்தும் இன்ஜினியர் ப்ரோனிட்ஸ்கி அன்று காலையில்தான் அதைப் பிரிக்கச் சொன்னார். வளர்த்த புழுக்களைச் சரிவில் கொண்டுவந்து விடுவதற்கு அமைச்சக ஆட்கள் வருகிறார்களாம், போட்டோவில் குப்பையாகத் தெரியுமாம்.

"வேலி இல்லாம மேல கை வைக்க மாட்டேன் சார்," என்றாள் ஸ்டெஃபா.

"அப்ப வீட்டுக்குப் போம்மா. ஆளா கிடைக்காது?"

கை வைத்தாள். வேரோடு தலையணை அளவு கல் ஒன்று பெயர்ந்தது. அவள் கத்தி முடிப்பதற்குள் யெண்ட்ரெக் கீழே கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு துணியைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

"என் மேல அவ்வளவு கோவமா அண்ணி?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாய மூடுடா." அவள் இன்ஜினியரிடம் ஓடினாள். "ஹெலிகாப்டரக் கூப்பிடுங்க சார்!"

"இன்னைக்கா? அது கெளப்புற காத்துல, விடப்போற புழு ஒண்ணுகூட மிஞ்சாது. கீழ தூக்கிட்டுப் போங்க. ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டுல விறகு பொளந்தப்பன்னு சொல்லிடுங்க."

"அவன் விறகு பொளந்து அவன் பொண்டாட்டியே பாத்ததில்ல. எவன் நம்புவான்?"

பைன் கழிகளில் கோட்டுகளைக் கட்டி, மற்ற ஆட்களும் சேர்ந்து அவனைச் சுமந்து இறக்கினார்கள். பாதையோரத்தில் இன்ஜினியரின் ஜீப் நின்றது. ஆளில்லை, ஏசி ஓடியது. பின் இருக்கையில் புழுப் பெட்டி, சீட் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது. யெண்ட்ரெக்குக்கு இடம் பண்ண ஸ்டெஃபா கதவைத் திறந்தாள்.

"அதத் தொடாதீங்க," என்று பின்னாலேயே இறங்கி வந்தார் அவர். "சூடு பட்டா செத்துரும். கிளை சுமக்குற டிராக்டர்ல அவன ஏத்துங்க."

வெட்டிய கிளைகள்மேல் யெண்ட்ரெக்கைப் படுக்கவைத்தார்கள். ஸ்டெஃபா இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். டிராக்டர் முதல் கல்லில் ஏறி இறங்கியதும் அவன் அலறினான். அவள் திரும்பிப் பார்த்தாள். பெட்டி அதிர்ந்துவிடாமல், ஜீப்பின் கதவை மெதுவாக, இரண்டு கையாலும் சாத்திக்கொண்டிருந்தார் இன்ஜினியர்.