இன்னும் ஒரே ஒரு வருஷம்

நீட்டில் நான் எடுத்தது நல்ல மார்க். நல்ல மார்க் என்பதுதான் வம்பே. மோசமாக எடுத்திருந்தால் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போட்டிருப்பார். எம்.பி.பி.எஸ். சீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு கேள்வி. கிடைத்தது அண்ணாமலை நகரில் பல் மருத்துவம். காட்டுமன்னார்கோயில் வீட்டிலிருந்தே தினமும் பஸ்ஸில் போய் வரலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் அதுவும் கிடையாது.

“ஒரு கேள்விதான? கண்ண மூடிக்கினு இன்னும் ஒரு வருஷம் படிச்சிடு, வினோ,” என்றார் அம்மாவின் தம்பி அன்புமணி மாமா. கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது என்று கேட்க வாய் வரை வந்தது. நான் போன வருஷம் படித்த கடலூர் கோச்சிங் சென்டரும் போன் செய்துவிட்டது. இந்த மார்க் எடுத்த பிள்ளைக்கு ஃபீஸே வேண்டாம், அனுப்பி வையுங்கள் என்றார்களாம். அப்பா அன்றைக்கே புது பக்கெட் வாங்கி வந்துவிட்டார்.

கடலூரில் ஹாஸ்டல் அறைக்கு நான்கு பேர். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பக்கத்துக் கட்டில் பிரிசில்லா டிசம்பரில் ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்கக்கூட எங்களுக்கு நேரமில்லை. கடலூரில் கடல் இருக்கிறது என்பார்கள், நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் போன் தருவார்கள். அப்பா இரண்டே நிமிஷத்தில் வைத்துவிடுவார். “டைம் வேஸ்ட் பண்ணாத பாப்பா, போய்ப் படி.” மீதி ஐம்பத்தெட்டு நிமிஷமும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வாரம் கஸ்டமர் கேருக்கு அடித்து, ரிங்டோனை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொல்லிவிட்டு, “வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?” என்பாள். எனக்கு அழுகை வந்துவிடும்.

மே மாதம் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் விறகு நனையாமலிருக்க ஒரு ஃப்ளெக்ஸைப் போர்த்தியிருந்தார்கள். அதில் என் முகம் இருந்தது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், கீழே ‘அனைவரையும் அன்புடன் வரவேற்கும் டாக்டர் ப.வினோதினி’. கும்பிட்ட கைகள் என்னுடையவை அல்ல, கை நிறைய வளையல் போட்ட யாரோ ஒருத்தியுடையவை. மடிப்பைப் பிரித்தேன். நடுவில் பட்டுப்புடவையில் என் தங்கை வெண்மதி. மஞ்சள் நீராட்டு விழா. தை மாதத் தேதி.

தங்கை வயசுக்கு வந்து, மாமா சீர்வரிசை தூக்கி வந்து, மண்டபத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வாசலில் நின்று அத்தனை பேரையும் வரவேற்றவள் நான். எனக்கு மட்டும் தெரியாது.

“சொன்னா நீ கெளம்பி வந்துடுவ. படிப்பு கெட்டுடும், சொல்லக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டாரு,” என்றாள் அம்மா.

வெண்மதிக்குச் சடை தைத்து விட்டது பார்லர்காரியாம். “நீ வந்துகினே இருக்கன்னு கடைசி வரிக்கும் சொன்னாங்கக்கா,” என்றாள் அவள். எனக்கு வந்த கோபத்துக்கு யாரையாவது அறைந்திருக்க வேண்டும். யாரை அறைவது? எல்லோரும் என் நல்லதுக்குத்தான் செய்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் நானும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். கடலூர் பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது. அப்பா என் சாமான்களை ஏற்றி, ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டுக் கீழே வந்தார். அந்த ஒரு கேள்வியை என்னால் எடுத்துவிட முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எம்.பி.பி.எஸ். மேல் ஆசை இல்லாமலும் இல்லை.

“அப்பா, ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் நம்ம வீட்ல யாருக்காவது எதுனா ஆச்சுன்னா எனக்குச் சொல்லுவீங்களா?”

“காலங்காத்தால என்னா பேச்சு இது?”

“உனக்கே எதுனா ஆச்சுன்னா?”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பஸ்ஸைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு என் தலையைத் தடவி, “ஒரு வருஷந்தான பாப்பா... பரீட்ச முடிஞ்சதும் சொல்லிடுவாங்க,” என்றார்.

அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் பஸ்ஸில் ஏறி சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். “நான் பல் டாக்டருக்கே சேர்ந்துக்கறேன்பா.” சீட் கிடைத்த ஆர்டரை முந்தின நாள்தான் லால்பேட்டைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் பிரின்ட் எடுத்திருந்தேன். அதை அவர் கையில் கொடுத்தேன்.

“ஒரு கேள்விக்கா விட்டுடுவ? உனக்கு வரும்மா.”

“வரும்பா.”

“அப்புறம் என்னா?”

நான் புது பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவர் தள்ளிப் போய் மாமாவுக்குப் போன் போட்டார். “தெரில மச்சான். கஷ்டம் ஜாஸ்தின்னு பயந்துட்டா போலருக்கு. வுடு, திட்டாத,” என்று அவர் சொன்னது கேட்டது. கடலூர் பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

அண்ணாமலை நகர் போகும் ஷேர் ஆட்டோவில் அப்பா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஒரே வருஷத்தில் அவர் பிடரி முழுக்க நரைத்திருந்தது. அவருக்கு ஒன்று என்றால் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் உடைந்துபோவார். அதனால் சொல்லவில்லை.