கவிழ்த்தும் சிந்தாத குப்பி

ஏழாவது குப்பியையும் அவள் தலைகீழாகக் கவிழ்த்தாள். பொளக்! பெப்டைட் என்ற புரதத் துண்டுகளின் கரைசல் முழுவதும் மேஜைமேல்.

மணி பத்து நாற்பது. பதினொன்றுக்குப் பேராசிரியர் வருவார். அவர் எதிரில், கவிழ்த்த குப்பிக்குள் ஜெல் அசையாமல் நிற்க வேண்டும். இல்லையென்றால், காயத்தை ஆற்றும் இந்த ஜெல்லும் அவளுடைய மூன்று வருட உழைப்பும் பக்கத்து அறைக் குழுவுக்குப் போய்விடும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு குப்பியில் நின்றது. அதோடு சரி.

"அதே பெப்டைட், அதே சுத்தத் தண்ணி! இந்தத் துண்டுங்க தானா வரிசை கட்டி இழையாகணும். இழைங்க பின்னி, வலையாகி, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கணும். இதுங்க என்னடான்னா, ஒரே மின்னூட்டம்கிறதால ஒண்ணைக் கண்டா ஒண்ணு விலகி ஓடுது, பாகம் பிரிச்ச பங்காளிங்க மாதிரி!"

கேட்டுக்கொண்டிருந்தவன் அவள் கணவனின் தம்பி; அதே ஆய்வகத்தில் டெக்னீஷியன். பட்டப்பெயர் கழுகு. அறையின் அந்தக் கோடியிலிருந்தே லேபிளின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுவான். கண்ணாடி போட்டவர்களை 'சோடாபுட்டி' என்று ஓட்டுவான். பேராசிரியரையும்தான், அவர் முதுகுக்குப் பின்னால்.

இன்று கடிகாரத்தையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொழுந்தனாரே, ஏன் திருதிருன்னு முழிக்கிறீங்க?"

"அண்ணி... ஒரு குப்பி குடுங்க. அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"மாயாஜாலமா?"

"திரும்புங்க அண்ணி, நேரமில்லை!"

திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் ஏதோ மூடி திறந்தது. பீச்சுகிற சத்தம்.

சரியாகப் பதினொன்று. பேராசிரியர் உள்ளே வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு குப்பியைக் கவிழ்த்தாள்.

பொளக் வரவில்லை.

"அட, நிக்குதே!" பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "விலகி ஓடினதுங்களைச் சேர்த்து வச்சது எதும்மா?"

"எனக்கே தெரியாது சார். இவரைக் கேளுங்க."

கழுகின் கை சட்டைப்பையை இறுகப் பிடித்தது.

"சொல்லலைன்னா இதுவும் குருட்டு அதிர்ஷ்டம்தான். பக்கத்து ரூமுக்குப் போயிடும்" என்றார் பேராசிரியர்.

கழுகு அண்ணியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"மூணு வாரம் முன்னாடி ஒண்ணு நின்னுச்சே, அன்னிக்கு என் கை பட்டுப் பாதிக் குப்பி கொட்டிருச்சு, சார். அண்ணி திட்டுவாங்கன்னு, கையில இருந்ததை ஊத்தி ரொப்பிட்டேன்." சின்ன பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்தான். தலை நிமிரவில்லை.

"உப்புத் தண்ணி சார். என் கான்டாக்ட் லென்ஸ் கழுவுறது."