போனைக் கவிழ்த்து வைத்தவர்

காப்பிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் சிவேந்திரனின் கைப்பேசி மறுபடியும் மறுபடியும் அடித்துவிட்டது. அவர் எடுக்கவில்லை. சத்தத்தை அடக்கி, மேசைமேல் அதைக் கவிழ்த்து வைத்தார். அது அப்படியே கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

கே.எல். நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துகொண்டு சிவேந்திரன் இணைய முகவரிகள் விற்கிறார். பெரிய நிறுவனம் ஒன்றிடமிருந்து மொத்தமாக வாங்கி, பூக்கடைக்காரர், டியூஷன் சென்டர், விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் என்று சின்ன வியாபாரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார். மனைவி காலமாகிவிட்டார். மகள் நிலானி பெர்த்தில் இருக்கிறாள். தீபாவளிக்குத் தவறாமல் பேசுவாள். மற்றபடி அவரைக் கூப்பிடுகிறவர்கள் வாடிக்கையாளர்கள் மட்டும்தான். அவர்களும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் கூப்பிடுவதில்லை. போன் அடித்தால் எங்கோ ஒரு பக்கம் திறக்காமல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். மனிதக் குரல் என்றாலே திட்டு என்று ஆகிப்போனதில், அவருக்கு மணிச்சத்தமே ஆகாமல் போய்விட்டது.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சேவை விழுந்தால் மேலிடமான அந்தப் பெரிய நிறுவனத்துக்குப் புகார் அனுப்புவார். சரியாகும்வரை யாருடைய போனையும் எடுக்கமாட்டார். சரியானதும் எல்லோருக்கும், ‘சேவை சீரடைந்தது, இடையூறுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரே செய்தியைத் தட்டிவிடுவார். இதைத் தொழில் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பயந்தாங்கொள்ளித்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

அன்று விழுந்தது மேலிடத்தின் பெயர் சர்வர், எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் கணினி. வீடுகளெல்லாம் அப்படியே இருக்க, தெருப் பலகைகளை மட்டும் யாரோ பிடுங்கிப்போன மாதிரி, ஒரு வாடிக்கையாளரின் பக்கமும் திறக்கவில்லை. சிவேந்திரன் புகார் அனுப்பினார். ‘ஆராய்ந்து வருகிறோம்’ என்று பதில் வந்தது. எப்போது சரியாகும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. இதுதான் இவர்களின் லட்சணம் என்று வைதுகொண்டே கீழே போய்த் தோசை தின்றார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. பசியாறிவிட்டு வந்து, திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் எல்லாம் திரும்பி வந்தது. வழக்கமான செய்தியை அனுப்பிவிட்டுக் கைப்பேசியை நிமிர்த்திப் பார்த்தார். கிள்ளானிலிருந்து தாமரை விடாமல் கூப்பிட்டிருந்தாள். டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும் வேன்களை நடத்துகிறவள். யாரை எங்கே ஏற்றுவது என்பதை டிரைவர்கள் அவளுடைய இணையப் பக்கத்தில்தான் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு குரல் செய்தியும் இருந்தது. திட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே அதைப் போட்டார்.

“அண்ணே, தாமரை பேசுறேன். காலைல கூப்பிட்டது திட்றதுக்கு இல்லண்ணே. எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்கத்தான். பக்கம் இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். வழக்கமா வர்றவங்கள டிரைவருங்க ஏத்திட்டாங்க. பாலன்னு ஒருத்தருக்கு இந்த வாரம்தான் முறை மாறுச்சு, டிரைவருக்குத் தெரியல. தெலுக் பங்லிமா காராங்ல ரோட்டோரமே நின்னுருக்காரு. யாரும் போகல.”

அவ்வளவுதான். திட்டியிருந்தால் அழித்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். அவள் அழுகிறாளா என்பதுகூடத் தெரியாத அந்தத் தட்டையான குரல் அவரை உட்காரவிடவில்லை. திரும்பக் கூப்பிட்டார். மூச்சுவாங்கிச் சரிந்து உட்கார்ந்துவிட்ட பாலனை ஒரு கடைக்காரர் தன் காரில் கொண்டுபோய் டயாலிசிஸ் மையத்தில் சேர்த்திருக்கிறார் என்றும், யாரோ வராததால் ஓர் இயந்திரம் கிடைத்தது என்றும் தாமரை சொன்னாள். சிவேந்திரன் கே.எல். சென்ட்ரல் நிலையத்துக்கு நடந்து, கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறினார். எத்தனையோ ஆண்டுகளாக வாடிக்கையாளர் ஒருவரின் முகத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

பாலனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். முன்பு லோரி ஓட்டியவர். இப்போது வாடகை அறையில் தனியாக இருக்கிறார். கால் இரண்டும் வீங்கி, கையில் குழாய்களோடு மையத்தின் கட்டிலில் படுத்திருந்தார். தான்தான் அந்த வெப்சைட் ஆள் என்று சிவேந்திரன் சொன்னபோது பாலனுக்குக் கோபம் வரவில்லை. உட்காரச் சொன்னார். சிவேந்திரனுக்கு அது அடித்ததைவிட வலித்தது. வேன் ஆபீசுக்கு ஏன் கூப்பிடவில்லை என்று மெல்லக் கேட்டார்.

“வந்துக்கிட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் பாஸ். கூப்பிட்டு ஏன் தொந்தரவு பண்ணணும்? வரமாட்டோம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, அப்பவே பக்கத்து ரூம்காரன் மோட்டர்பைக்ல ஏறி வந்துருப்பேன். யாருமே ஒண்ணும் சொல்லலன்னா, நிக்கிறதத் தவிர வேற என்ன பண்றது?”

மேலிடம் வாயைத் திறக்கவில்லை என்று காலையெல்லாம் வைதவர் சிவேந்திரன்தான். அதே மௌனத்தை நாமும் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அந்தக் கட்டிலருகில்தான் உறைத்தது. ஒரு மனிதன் வெயிலில் நின்று வீங்கிக்கொண்டிருந்தபோது, தான் தோசை தின்றுகொண்டிருந்ததை நினைக்க வெட்கமாக இருந்தது.

பாலன் கண்ணயர்ந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. பூக்கடைக்காரர். சிவேந்திரன் தாமரையின் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. மறுபடியும் விழுந்துவிட்டது. மாலை முறைக்கான வேன்கள் புறப்படும் நேரம். கை தானாகச் சத்தத்தை அடக்கப் போனது. சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? எப்போது வரும் என்று அவருக்கே தெரியாதே.

தெரியாது என்பதையாவது சொல்லலாமே என்று தோன்றியது. எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தாமரையைக் கூப்பிட்டார்.

“தாமரை, திரும்ப விழுந்துடுச்சும்மா. எப்ப வரும்னு எனக்குத் தெரியல. இன்னிக்கு இத நம்பி இருக்காதீங்க. இங்க நர்ஸ்கிட்ட சாயங்கால ஆளுங்க நம்பர்லாம் இருக்கு. நான் கேட்டு ஒவ்வொண்ணா சொல்றேன், நீங்க கூப்பிட்டுடுங்க.”

இப்போது திட்டு விழும் என்று அவர் காத்திருந்தார். தாமரை பேனா எடுத்துக்கொண்டு வந்து, சொல்லச் சொன்னாள். அவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டாள். கடைசி எண்ணை எழுதி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

“ரிப்பேர் பண்றது உங்க கையில இல்லன்னு எனக்குத் தெரியும் லா, அண்ணே,” என்றாள். “காத்துக்கிட்டு இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்றது உங்க கையிலதானே இருக்கு?”