சங்கராபரணத்தில் பெய்த பனி

1943-ம் வருஷம் டிசம்பர் மாதம், பம்பாய் மாட்டுங்காவில் அனந்தநாராயணன் வீட்டுக் கூடத்தில் மட்டும் பனி பெய்தது. மார்கழி மூட்டம் அல்ல, சிம்லாவில் விழுமே, அந்த வெள்ளைப் பனி. கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க்கான அனந்தநாராயணன், டில்லிக்கு மாற்றலான துரை ஒருவர் ஏலம் விட்ட கிராமபோன் பெட்டியை வாங்கி வந்திருந்தார். கூடவே ஒரே ஒரு பிளேட்டு. கிறிஸ்துமஸ் மெட்டுகளை ஆர்கனிலும் வயலினிலும் மணிகளிலும் வாசித்திருந்தார்கள். பாடும் குரல் கிடையாது. பதிவாகி முப்பது வருஷம் இருக்கும். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள் ஷ்யாமளா சாவி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது மெட்டில் சீலிங்கிலிருந்து பனி இறங்கியது. பிளேட்டு நின்றதும் பனியும் நின்றது.

கட்டடமே திரண்டு வந்தது. பனி எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிராமணாள் வீட்டில் கிறிஸ்துமஸ் சங்கீதம் வைக்கலாமா என்பதுதான் அவர்கள் கவலை. பஜனை சமாஜத்துக் கிட்டுவையர் தொடையில் தாளம் போட்டபடி மூன்று தரம் கேட்டார்.

"ஓய், வாய்ப்பாட்டு உண்டோ? இல்லை. சாகித்யமே இல்லாதப்போ ஏசு எங்கேர்ந்து வருவார்? இது சுத்த சங்கராபரணமாக்கும்."

"அப்போ இந்தப் பனி மடியா, விழுப்பா? தொடலாமோ?" என்று ஷ்யாமளாவின் அம்மா அபயாம்பாள் கேட்டாள்.

"சங்கராபரணத்துலே விழுந்தது எப்படி விழுப்பாகும், மாமி?"

மதம் அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து சாயங்காலம் தோறும் பனி பிடித்துப் போக மாடிப்படியில் பித்தளைப் பாத்திரங்கள் வரிசை கட்டின. நீர்மோர்ச் சம்பாரம் குளிர்ந்தது. பால் திரியவில்லை. ஏப்ரலில் வேர்க்குருவுக்கு ஒற்றிக்கொண்டார்கள். பனி விழுகிற நேரம் முழுக்க ரேஷன் அரிசியில் கல், லோக்கல் வண்டியில் நெரிசல், யாருக்கு புரமோஷன் என்று பேச்சு ஓயாது. சங்கீதம் அவர்களுக்குக் குழாய் திறந்தால் வருகிற சத்தம். சாவி கொடுக்கிற வேலை ஷ்யாமளாவுடையது. கேட்டவளும் அவள் ஒருத்திதான். ஆர்கன் தாழ்ந்து, மணி மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொள்வாள். நாலு பேர் முன்னால் தன் பெயரைச் சொல்லவே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

1946-ல் அவள் பி.எஸ்ஸி. தேறினாள். காலேஜிலேயே கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. அவளுக்கு அது வேண்டும். கல்யாணம் ஆகப்போகிறவளுக்கு வேலை எதற்கு என்று அனந்தநாராயணன் வரன் பார்த்தார். தாணேயில் ஹோட்டல் வைத்திருந்த சங்கரன், பிள்ளையோடு பெண் பார்க்க வந்தார். ஜாதகத்தைப் பிரிக்கவில்லை. பெண்ணையும் அதிகம் பார்க்கவில்லை. சீலிங்கைப் பார்த்தார்.

"வைரத்தோடு வேண்டாம், வெள்ளி வேண்டாம். பெட்டியும் பிளேட்டும் பொண்ணோட வந்தாப் போறும். ஹோட்டல்லே ஐஸ் வாங்கிக் கட்டுப்படியாகலை ஓய். ஒரு தடவை வைங்கோ, பார்த்துடலாம்."

பிளேட்டு சுற்றியது. ஷ்யாமளா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அப்படி இளித்து அவள் கண்டதில்லை. பிளேட்டு முடிந்தது. பனி விழவில்லை.

"ஊசி பழசு," என்று அனந்தநாராயணன் புது ஊசி தேட எழுந்தார்.

அதற்குள் ஷ்யாமளா யோசித்துப் பார்த்தாள். பெட்டி அதேதான், பிளேட்டும் கூடமும் அவைதான். மாறியது ஒன்றுதான். இன்றைக்கு அவள் கேட்கவில்லை.

புது ஊசி இறங்கியது. மூன்று வருஷப் பழக்கத்தில் காது தானாக அந்தப் பக்கம் போயிற்று. கேட்டால் தாணே, கேட்காவிட்டால் காலேஜ். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று தனிமங்களை மனசுக்குள் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாஸ்பரஸுக்கு வரும்போது மணி ஒலித்துவிட்டது. ஒரு கணம் வழுக்கினாள். ஒரே ஒரு பனித்துகள் சங்கரனின் கேசரியில் விழுந்தது. சர்க்கரை என்று நினைத்து அவர் அதை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டார். சல்பர், என்று ஷ்யாமளா மனசுக்குள் அழுத்திச் சொன்னாள்.

சங்கரன் பஜ்ஜியையும் முடித்துவிட்டு, பெண்ணுக்கு நிறம் கொஞ்சம் மட்டு என்று சொல்லிக் கிளம்பினார். கிட்டுவையர், காந்தாரம் சரியில்லை என்று தனக்கு முதல் நாளே பட்டதாக எல்லோரிடமும் சொன்னார். பாத்திரங்கள் அவரவர் வீட்டுக்குப் போயின.

"தாராவி பழைய சாமான்காரன்கூட இதை எடுக்கமாட்டான்," என்று அனந்தநாராயணன் பெட்டியை மகளின் அறைக்குள் தள்ளினார். "நீயே வெச்சுண்டு அழு. அந்த வேலைக்கும் போய்த்தொலை."

ஷ்யாமளா வேலையில் சேர்ந்தாள். சாயங்காலம் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாவி கொடுப்பாள். பனி கணுக்காலுக்கு மேல் ஏறும். ஒருநாள் அபயாம்பாள் கதவைத் திறந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"ஜலதோஷம் பிடிக்கும். தலையிலே துண்டைக் கட்டிக்கோடி," என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள். கணவரிடம் சொல்லவில்லை.

கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் படர்ந்தது. அவர்கள் அதை மழை ஓதம் என்று முடிவு செய்து, வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்துக்கொண்டார்கள்.