திரும்ப இடமில்லாத சாலை

"நான் தூங்கல. கண்ணை மூடினேன், அவ்வளவுதான்."

"ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடினா அதுக்குப் பேரு என்ன? பிரார்த்தனையா?"

"நீ பக்கத்துல உக்காந்து ஓட்டச் சொல்லித் தரும்போது பிரார்த்தனை பண்ணாம என்ன செய்யறது, மார்லா?"

மார்லா சிரிக்கவில்லை. காலை பத்து மணிக்கு, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், அம்பு போன்ற நேர்ச்சாலையில், வண்டி தானாக ஓரத்துக்குப் போய்ச் சக்கரங்கள் தடதடத்தபோது அவள்தான் எட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். தன் கணவன் வெய்லனின் கண்கள் அப்போது மூடியிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். திறந்துதான் இருந்தன. ஆளில்லாத வீட்டின் ஜன்னல்களைப் போல. அவன் தூங்கியதாகவே அவள் நம்ப விரும்பினாள். தூக்கம் என்றால் ஒரு காப்பியில் சரியாகிவிடும்.

நெப்ராஸ்காவில் வீட்டை விற்று நான்கு வருடங்கள் ஆகின்றன. வெய்லனுக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தொன்பது. முப்பத்தாறு அடி நீளமுள்ள இந்த வீட்டுவண்டிதான் இப்போது அவர்களுக்குக் கட்டில், அடுப்பு, முகவரி எல்லாம். கடைக்குப் போய்வர ஒரு சின்னக் காரைப் பின்னால் இரும்புக் கம்பியில் கோத்து இழுத்து வந்தார்கள். அவன் ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டால் அவர்களுக்கு வீடு இல்லை. அதனால்தான் காலையில் நடந்ததற்கு இருவரும் தூக்கம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"மணி நாலரை. முந்நூறு மைல், இல்லாட்டி மூணு மணி. எது முதல்ல வருதோ அதோட வண்டிய நிறுத்தணும்னு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். சொன்னவனுக்கு மாத்தவும் தெரியும்."

காட்டுத்தீ என்று பெருஞ்சாலையை மூடியிருந்தார்கள். மற்ற வீட்டுவண்டிகளெல்லாம் எழுபது மைல் சுற்றிப் போக வரிசையில் நின்றன. வெய்லன் மட்டும் மலைச்சாலையில் திருப்பினான். உன்னால் இன்னும் ஓட்ட முடியுமா என்று அவள் கேட்காத கேள்விக்கு அவன் சொன்ன பதில் அது. இப்போது பைன் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டன. கைப்பேசியில் சிக்னல் போய் ஒரு மணி நேரமாகிறது. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

மலையுச்சியைத் தாண்டியதும் மஞ்சள் பலகை நின்றது. கீழே பத்து மைல் செங்குத்துச் சரிவு, நீள வண்டிகள் போக வேண்டாம். வெய்லன் ஓரத்துச் சரளைத் திட்டில் நிறுத்தினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை.

காரைக் கோத்திருக்கும்போது வீட்டுவண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. எடுத்தால் கம்பி வளைந்து கார் குறுக்கே நின்றுவிடும். கழற்றித்தான் திருப்ப வேண்டும்.

"கழட்டிட்டு நான் இதத் திருப்பறேன். நீ கார்ல பின்னாடியே வா," என்றான்.

அப்படியென்றால் அவன் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். கை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்ப ஆள் இருக்காது.

வழக்கம்போல அவள் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்தாள். அவள் வாசிக்க வேண்டும், அவன் செய்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். நான்கு வருடங்களில் ஒருநாளும் தவறாத சடங்கு.

"காருக்குக் கை பிரேக்."

"போட்டாச்சு."

"விளக்கு வயர்."

"உருவியாச்சு."

"பாதுகாப்புச் சங்கிலி."

"கழட்டியாச்சு."

சங்கிலி கொக்கியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வெய்லன் அதன் முன்னால் குந்தி, அதையே பார்த்துக்கொண்டு, கழற்றிவிட்டதாகச் சொன்னான். இடது கை முழங்காலின் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரிக் கிடந்தது.

மார்லா குனிந்து இரண்டு சங்கிலிகளையும் தானே கழற்றினாள். கம்பியைப் பூட்டியிருந்த இரும்பு ஊசியையும் உருவினாள். "கழட்டியாச்சு," என்று அவனுக்காக அவளே சொன்னாள். பிறகு காரை எடுத்துப் பாறையோரமாக ஒதுக்கி நிறுத்தினாள்.

"கொஞ்ச நேரம் படுத்துக்கறியா? சூப் சூடு பண்றேன்."

"இருட்டறதுக்குள்ள கீழ போகணும். பின்னாடி போய் நின்னு கை காட்டு. என்னைக் கிழவனாக்கப் பாக்காத."

"நான் ஆக்கணுமா? அது எப்பவோ ஆயாச்சு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பழைய வெய்லனுடையதாக இருந்ததால் அவள் போனாள். அதற்காக அடுத்த நிமிடமே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி, அவன் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரியும்படி நின்றாள். கண்ணாடியில் அவள் தெரியவில்லையென்றால் நிறுத்த வேண்டும். கை இரண்டையும் குறுக்கே வைத்தால் உடனே நிறுத்த வேண்டும். வண்டி பின்வாங்கியது. வா, வா என்று கை அசைத்தாள். பிறகு கைகளைக் குறுக்கே வைத்தாள்.

வண்டி நிற்கவில்லை.

"வெய்லன்."

கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் சாலையைப் பார்த்த அதே பார்வை. அவள் பக்கவாட்டில் பாய்ந்து, வண்டியின் தகட்டை உள்ளங்கையால் அறைந்து அறைந்து அவன் பெயரைக் கத்தினாள். பின்சக்கரம் சரளையைத் தள்ளியது. கற்கள் விளிம்பைத் தாண்டிப் போயின. விழுந்த சத்தம் கேட்க நெடுநேரமாயிற்று.

பிறகு பிரேக் பிடித்தது. சக்கரத்துக்கும் வெட்டவெளிக்கும் நடுவே அவளுடைய ஒரு செருப்பின் அளவு தரை மிச்சமிருந்தது.

அவள் ஓட்டுநர் பக்கம் ஓடினாள். ஜன்னல் இறங்கியிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது. அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த வண்டியை அவள் ஒரே ஒருமுறை, ஒரு காலி மைதானத்தில், சுற்றி வந்திருக்கிறாள்.

"நிறுத்தச் சொல்லிக் கை காட்டினியா?" என்று கேட்டான், மெதுவாக, வார்த்தைகளைத் தேடி எடுப்பவன் போல.

"காட்டினேன்."

"நான் பாத்தேனே." அவன் உதடு ஒரு பக்கம் தொய்ந்திருந்தது. "பாத்தேன், மார்லா. என்னன்னு புரியல."

அவள் ஜன்னல் வழியாகக் கையை நுழைத்து அவன் தொடையை அழுத்திப் பிடித்தாள், பிரேக்கின் மேலேயே இருக்கட்டும் என்று.

"கால எடுக்காத. கை பிரேக்க இழு. இழுத்துட்டு பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துக்க. நான் ஓட்டறேன். வெய்லன், நான் சொல்றது கேக்குதா? நகர்ந்துக்க."