கோட்டுக்கு ஏற்ற மச்சினன்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான். "உன் தம்பியைக் கூப்பிடு, அவனுக்கு இந்தக் கோட்டு சரியா இருக்கும்" என்று சொன்னது இந்த வாய்தான். இதில் என் மனைவியைக் குறை சொல்ல வழியில்லை. முயன்று பார்த்துவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேர். அவள் பாடுவாள், நான் கீபோர்டும் தாளக் கருவிகளும் வாசிப்பேன். பிழைப்புக்கு நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தேன், அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்திருந்தாள். படுக்கையறைச் சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து, துணி பிழியும்போது மெஷின் போடும் தடதடப்பைப் பதிவுசெய்து, அதையே தாளமாக்கி ஒரு பாட்டுப் போட்டோம். அதை ஒரு பெரிய ஆடை நிறுவனம் தன் விளம்பரத்துக்குக் கேட்டு வாங்கியது. இரண்டே மாதத்தில் துணிக்கடை, செருப்புக்கடை, பியூட்டி பார்லர் எங்கும் எங்கள் மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார் மாமியார்.

பிறகு அந்த நிறுவனத்தின் வடிவமைப்பாளர் எங்களை அழைத்தார். எப்போதும் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவதால் எங்களுக்குள் அவர் பெயர் குண்டூசி அம்மா. அவர்களுடைய ஃபேஷன் ஷோவில் நாங்கள் நேரடியாகப் பாட வேண்டும், அவர்கள் தைத்ததை உடுத்த வேண்டும். எனக்கு வைத்திருந்தது வெள்ளி நிறக் கோட்டு. காது வரை காலர், முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஒரு கை நுழைந்தது. இரண்டாவது கையை நுழைத்தபோது முதுகில் ஏதோ முனகியது.

"மூச்சை உள்ள இழுங்க சார்."

"இழுத்துத்தான்மா நிக்கிறேன்."

"சாம்பிள் எல்லாம் மாடல் அளவுக்குத்தான் தைப்போம். பிரிச்சுத் தைக்க நேரமில்லையே."

மறுநாள் ஷோ. அப்போதுதான் மச்சினன் ஞாபகம் வந்தது. அவனை நான் கூப்பிடுவது ஒட்டடைக்குச்சி என்று. சட்டை அவனுக்கு எப்போதும் ஹேங்கரில் தொங்குவது போலத்தான் தொங்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் எந்த ஃபிரேமைப் போட்டாலும் "உங்களுக்குன்னே செஞ்சது சார்" என்று முகம் மாறாமல் சொல்லிப் பழகியவன். ஒரே ஒரு நாள் அவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, வயர் மாட்டாத கீபோர்டின் முன்னால் விரலை ஆட்டட்டும். நான் திரைக்குப் பின்னால் நிஜமாக வாசிக்கிறேன். ஒரு நாள் கூத்துத்தானே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பத்திரிகை அட்டையில் அவர்கள் வந்தார்கள். அக்காளும் தம்பியும். அவன் தாடையைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார்கள். தாடையில் என்னய்யா இருக்கிறது? சோறு மெல்லுகிற எலும்பு. தாளம் என்னுடையது, மெட்டு என்னுடையது, மெஷின்கூட என்னுடையது. வயிறு எரிந்தது. மேலும் மூன்று ஷோக்கள் வந்தன. மூன்றிலும் கோட்டு அதே அளவு, திரைக்குப் பின்னால் எனக்கு அதே மடக்கு நாற்காலி. கேட்டரிங்காரர் என்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, இஸ்திரிப் பெட்டி வேலை செய்யவில்லை என்று நீட்டினார். சரிசெய்து கொடுத்தேன், அது வேறு விஷயம்.

"மாமா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொரு ஷோவுக்கு முன்னும் மச்சினன் வந்து கேட்பான். கோட்டுக்குள் நுழைய வேண்டுமென்று நான் இரவில் வெறும் கஞ்சி குடிப்பது அவனுக்குத் தெரியாது.

ஐந்தாவது ஷோதான் பெரியது. இதற்குப் பிறகு குண்டூசி அம்மா ஒரு வருட ஒப்பந்தம் போடப்போகிறார் என்று பேச்சு. போட்டுவிட்டால் இந்த இருவர்தான் இருவர் என்று உலகம் முடிவுகட்டிவிடும். நான் காலத்துக்கும் நாற்காலிதான். அன்று காலையிலேயே முடிவுசெய்தேன். பாட்டின் நடுவில் சத்தத்தை நிறுத்திவிடுவேன். ஒட்டடைக்குச்சி ஊமைக் கீபோர்டைத் தட்டிக்கொண்டு நிற்பான். உண்மை ஊருக்கே தெரியட்டும். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவனை நினைத்துப் பார்த்தேன். அவன் செய்ததில் தப்பே இல்லை என்று பட்டது.

இரண்டாவது சரணம். மாடல்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். நான் ஒரு பட்டனை அழுத்தினேன். தாளம் செத்தது. கையைக் கட்டிக்கொண்டு, திரையின் இடுக்கு வழியே பார்த்தேன்.

மனைவி ஒரு கணம் திரைப்பக்கம் திரும்பினாள். பாட்டை விடவில்லை. துணைக்கு எதுவுமில்லாமல் அவள் குரல் மட்டும் அந்த மண்டபத்தில் எழுந்தது. அந்தக் குரலை அப்படித் தனியாக நான் கேட்டு வருடங்களாகியிருந்தன. மச்சினன் விரலை ஆட்டவில்லை. சட்டென்று இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்தான், தலைக்கு மேலே உயர்த்தித் தட்டினான். என் தாளம், பிசகில்லாமல். முதல் வரிசை தட்டியது, பிறகு மண்டபமே தட்டியது. மாடல்கள் அந்தத் தட்டுக்கே நடந்தார்கள். பயந்துபோய் மறுபடி பட்டனை அழுத்தினேன். தாளம் திரும்ப விழுந்ததும் கூட்டம் எழுந்து நின்று கூவியது.

முடிந்ததும் அவன்தான் முதலில் ஓடி வந்தான். "மாமா! நெஞ்சு வலியா? உக்காருங்க. தண்ணி யாராவது கொண்டாங்க!" என் கையைப் பிடித்து நாடி பார்த்தான். வெள்ளிக் கோட்டின் அக்குள் கிழிந்திருந்தது; அவ்வளவு உயரத்துக்குக் கையைத் தூக்க அதைத் தைக்கவில்லை.

"வயர் கழண்டுடுச்சுடா" என்றேன். "நீ எப்படித் தாளத்தைப் பிடிச்ச?"

"நீங்க வீட்டுல வாசிக்கிறதை அக்கா வீடியோ எடுத்து அனுப்பும். கடையில தினமும் மேசையில தட்டிப் பழகுவேன். உங்க பேரைக் கெடுத்துடக் கூடாதுல்ல."

மனைவி கண்ணாடி முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் எடுக்கப் போகும்வரை காத்திருந்தாள்.

"ஏங்க, வயர் கழண்டா ஸ்பீக்கர்ல 'டொப்'புனு ஒரு சத்தம் வரும்" என்றாள். "வரலை."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

"அவன்கிட்ட சொல்ல மாட்டேன். உங்க மேல உசிரையே வச்சிருக்கான்." பஞ்சைக் கூடையில் போட்டாள். "ஆனா நானும் அந்த மேடையிலதான் நின்னேன். அதை நினைச்சீங்களா?"

நினைக்கவில்லை. அதுதான் உண்மை. அவனைத் தள்ளிவிட வெட்டிய குழியின் விளிம்பில் அவளும் நின்றிருந்தாள், என் கண்ணில் படவில்லை.

குண்டூசி அம்மா வந்தார். ஒப்பந்தம் உறுதி. வாயில் ஊசி இல்லை, அவ்வளவு சந்தோஷம். "அந்த நிறுத்தம் யாரோட யோசனை? பிரமாதம்! இனிமே எல்லா ஷோவுலயும் அது வேணும்."

"எங்க மாமாவோட யோசனைங்க" என்றான் மச்சினன், தண்ணீர்க் குவளையோடு. எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது என் நாற்காலிக்கு எதிரே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு நேரே சிவப்பு மையில்: "இங்கே எட்டு எண்ணும்வரை வாசிக்கக் கூடாது." ஒவ்வொரு ஷோவிலும் பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறேன். அவள் குரல் தனியாக எழுகிறது, அவன் கை உயர்கிறது, மண்டபம் தட்டுகிறது. கோட்டின் அக்குளைப் பிரித்து அகலமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவனுக்காக.

முழுப் பாட்டிலும் கைதட்டல் விழுவது அங்கே மட்டும்தான். நான் வாசிக்காத இடத்தில்.